பாதிக்கு மேல்

இறுதி ஆட்டம் முடிய ஒன்பது நொடி இருந்தது. தவமணி மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று செவிப்பொறியில் கத்திக்கொண்டிருந்தார்.

"லிங்கேஷ், நில்லு! இடது கால் முன்னால. இப்பப் போடு!"

ஐந்து வீரர்களின் காதிலும் அவர் குரல்தான். பந்து வளையத்துக்குள் விழுந்தது. கூடைப்பந்துக் கோப்பை தேனி அணிக்கு.

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருட எரிச்சல் ஒரு பந்தில் தீர்ந்துவிடுமா என்ன? இதற்கு முன் ஜெயித்தபோதெல்லாம் பங்களவி அவருக்குக் கொடுத்தது மூன்றே சதவீதம். இன்னார் இல்லாவிட்டால் ஆட்டம் என்ன ஆகியிருக்கும் என்று லட்சம் முறை தனக்குள் ஆடிப் பார்த்து, வெற்றியைப் பங்கு பிரிக்கும் கருவி அது. தொண்ணூறு சதவீதம் நட்சத்திர வீரன் ரூபனுக்குப் போகும். "ரூபன் இருந்தா எவன் வேணா கோச் ஆகலாம்" என்று டீக்கடை வரை பேச்சு. கேட்டுக் கேட்டு மனிதருக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் போன வருடம் சம்மேளனத்தில் சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தார். கோப்பை வென்ற அணியில் பாதிக்கு மேல் பங்கு எவருடையதோ, அவர் கடைசி இடத்து அணிக்கு மாற வேண்டும். ரூபன் போனான். மிச்சமிருந்த சாதாரண ஆட்டக்காரர்களை மாஸ்டர் ஒரு வருடம் வாட்டி எடுத்தார்.

"இப்பவாவது ஒத்துக்குறீங்களா? நட்சத்திரமெல்லாம் வேண்டாம்யா, கோச் போதும்!" என்றார் சம்மேளனச் செயலாளர் இதாயத்துல்லாவிடம்.

அவர் பங்களவித் திரையைக் காட்டினார். தவமணி: 71.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது.

"நான் வீரன் இல்லையே!"

"விதியில வீரர்னு இல்லையே மாஸ்டர். 'எவர்'னுதான் இருக்கு. நாங்க வீரர்னு போட்டதை, தமிழ் சரியில்லைன்னு அடிச்சுத் திருத்தினது நீங்கதான்."

"கடைசி அணி எது?"

"இந்த வருஷமும் ரூபனோட அணிதான். நல்லா ஆடுறான். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை."

மாஸ்டருக்கு ஆத்திரம் பொங்கியது. ஒன்றுமில்லாத ஐந்து பேரைத் தேற்றி ஜெயிக்க வைத்தது குற்றமா? தன் வீரர்களைத் திரும்பிப் பார்த்தார். ஐவரும் பதக்கத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்னைக் கொண்டுபோறாங்கடா! ஒருத்தனாவது வாயைத் திறங்களேன்!"

கேப்டன் லிங்கேஷ் செவிப்பொறியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்ன சொல்லணும் மாஸ்டர்?"

மாஸ்டர் செவிப்பொறிக்குள் பல்லைக் கடித்தார். "எங்க மாஸ்டரை விட மாட்டோம்னு சொல்லுங்கடா!"

"எங்க மாஸ்டரை விட மாட்டோம்" என்றார்கள் ஐவரும், ஒரே குரலில்.

பங்களவியை யாரும் இன்னும் அணைக்கவில்லை. திரையில் 71 போய் 72 வந்தது.