தூங்கிக் கொடுத்த சான்று

சிவக்கொழுந்து ஒரு ஜன்னலைத் திறந்தார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான். மே மாதம், மதியம் இரண்டு மணி, மூடிக் கிடந்த வண்டி. நாலு விரல் அகலத்துக்குக் கண்ணாடியை நகர்த்தினார். காற்று வந்தது. அதற்குப் பிறகு அவர் விட்ட குறட்டை அடுத்த வண்டிவரை கேட்டதாம்.

தூங்குவதுதான் அவர் உத்தியோகம். கடல் ஏறி ஊர்களைக் கொண்டுபோன பின் கரையோரச் சனங்களுக்கு அரசாங்கம் ஊர்திவீடுகள் கொடுத்தது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் உல்லாசப் பயணம் போன கேரவன்களின் வம்சம். அவற்றின் ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து வெக்கையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுவாயு கசியும். அதனால் புது வண்டியை மூன்று நாள் சூடேற்றிக் காற்றாட விடுவார்கள்; வேகவைப்பு என்று பெயர். விஷம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வைத்த முகர்கருவிகளைக் கம்பெனிக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள். மனிதனை ஏமாற்ற முடியாது என்று சட்டம் நம்பியது. சான்றாளர் ஒருவர் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உச்சிவெயிலில் மூன்று மணி நேரம் உள்ளே தூங்க வேண்டும். கண் எரியாமல் எழுந்தால் கையெழுத்து. எரிந்தால் வண்டி மறுபடி வேகும்.

"ஆபீஸ்ல எல்லாரும் ஒளிஞ்சு செய்யறத நான் உத்தரவு வாங்கிச் செய்யறேன்" என்பார். அந்தக் கேலி நின்று பதினாறு நாளாகிறது. ஜன்னலைத் திறந்து தூங்கி அவர் கையெழுத்திட்ட அந்த வண்டியில் குடியேறிய நாலு வயது ஜெனிட்டாவுக்கு மூச்சிரைப்பு.

மேலதிகாரியிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னார். "பசைன்னா கசியத்தான்யா செய்யும். உன் ஜன்னல இப்ப யாரு கேட்டா?"

மருத்துவர், "காரணம் பலது இருக்கலாம் சார்" என்றார்.

மனைவியோ, "நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" என்று இன்னொரு தோசை வைத்தாள். அவமானத்தோடு அதையும் தின்றார்.

கடைசியில் ஊர்திவீடுகள் நிற்கும் முகாமுக்கே போனார். ஜெனிட்டாவின் அம்மா ஸ்டெல்லா வண்டிக்கு வெளியே மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். புது வண்டி குடுத்துட்டாங்க. இதுலயும் தூங்கிப் பாக்கவா வந்தீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. நின்றபடியே ஜன்னலைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பாப்பாவுக்கு இப்படி ஆனது என்னாலதானாம்மா?"

ஸ்டெல்லா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆமா சார், உங்களாலதான். இப்ப வீடுன்னு சொன்னாலே அவ மூக்கப் பொத்திக்கிறா."