பத்தொன்பது கொடிகள்

ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து டாலர். ஏப்ரலில் காய்ந்த புல்லை வாரியெடுத்ததிலிருந்து அக்டோபரில் கடைசியாக வெட்டியதுவரை ஆர்விட் ஸ்கோக் டுவேனுக்குத் தரவேண்டிய கூலி அவ்வளவு. அந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மொத்தமாகத் தந்துவிடுகிறேன், அன்றைக்கு வந்து, வேருக்குக் காற்றுப் போகப் புல்தரைக்கு ஓட்டை மட்டும் போட்டுக் கொடு என்று சொல்லியிருந்தான். டுவேனின் வீட்டைச் சூடாக்கும் கேஸ் தொட்டியில் முள் அடியைத் தொட்டுக் கிடந்தது. பழைய பாக்கியைக் கட்டாமல் கேஸ் வண்டி வராது. மனைவி மார்லிஸுக்கு ராத்திரியெல்லாம் நெஞ்சு இழுக்கிறது. இன்னும் ஒரு வாரக் குளிரை அவள் தாங்கமாட்டாள். அதனால் விடிவதற்கு முன்பே வந்து, ஆர்விட்டின் வீட்டெதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தான்.

காத்திருக்கத்தான் வேண்டும். உறைபனி பிடித்த புல்லை மிதித்தால் அது உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போகும். அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் மிதித்த இடமெல்லாம் பாதத்தின் வடிவத்திலேயே பழுப்பாகச் செத்துக் கிடக்கும். அந்த ஊரில் தபால்காரர்கூடக் காலையில் நடைபாதையை விட்டு இறங்கமாட்டார்.

ஊசியிலை மரங்களுக்குப் பின்னாலிருந்து வெயில் மெல்ல ஏறிவந்து, வெள்ளையாகக் கிடந்த புல்தரையைத் தெருவோரத்திலிருந்து ஒவ்வொரு முழமாகப் பச்சையாக்கிக்கொண்டு வீட்டை நோக்கிப் போனது. பனி விலகிய இடத்தில் பழுப்புத் தடங்கள் தெரிந்தன. ஒரே வரிசை. புல்தரையின் நடுவிலிருந்து கிளம்பி வீட்டின் பக்கவாட்டுக் கதவுவரை போயிருந்தன. நடுவுக்குப் போன தடம் ஒன்றுகூட இல்லை. செருப்போ பூட்ஸோ போட்ட கால் இல்லை அது. குதிகாலும் விரல்களும் தனித்தனியாகப் பதிந்திருந்தன.

ஆர்விட் இரண்டு கோப்பைக் காப்பியுடன் வெளியே வந்தான்.

"என்னடா, வண்டியிலயே தூங்கிட்டியா? உன் குறட்டை தாங்காம என் மரத்து அணிலெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு."

"பனி கரையட்டும்னு உக்காந்திருந்தேன். யாருடா உன் புல்லுல வெறுங்கால்ல நடந்தது?"

"பக்கத்து வீட்டு நாயா இருக்கும்."

"உன் ஊரு நாய்க்குக் குதிகால் இருக்குமோ?"

ஆர்விட் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. பல நாள் தூங்காதவன் முகம். காகித ஆலையில் முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் அவர்கள் இருவரும். ஆலை மூடியபிறகு டுவேன் மச்சான் ரோலியைச் சேர்த்துக்கொண்டு புல் வேலைக்கு இறங்கியபோது முதலில் வேலை கொடுத்தவன் ஆர்விட்தான்.

ரோலி மார்லிஸின் தம்பி. போன வருஷம் அக்டோபரில் இதே புல்தரைக்குக் கடைசி வேலை செய்யத் தனியாக வந்தவன் வீடு திரும்பவில்லை. "குளிர் போதும்டா சாமி, அரிசோனாவுக்குப் போறேன்னான். நான்தான் பஸ்ஸுல ஏத்திவிட்டேன்" என்று அப்போது ஆர்விட் சொல்லியிருந்தான். மறுநாள் காலை டுவேனின் தபால் பெட்டியில் ஒரு உறை கிடந்தது. மேலே பச்சை மையில் மார்லிஸ் என்ற பெயர், உள்ளே அறுநூற்று இருபது டாலர், ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. போகிற போக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று மார்லிஸ் அழுதாள். சொல்லாமல் ஓடிய துரோகி என்று டுவேன் ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தான்.

"கொடியெல்லாம் நட்டு வெச்சிட்டேன். ஆரம்பிச்சிடு" என்றான் ஆர்விட்.

தரைக்கடியில் புதைந்திருக்கும் தண்ணீர் தெளிக்கும் குமிழ்களை ஓட்டை போடும் இயந்திரம் உடைத்துவிடாமலிருக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பியில் செருகிய சின்னக் கொடியை வீட்டுக்காரர்கள் நட்டுவைப்பார்கள். இந்த வீட்டுக்குக் குழாய் பதித்தவன் டுவேன். மொத்தம் பதினோரு குமிழ்கள். எண்ணிப் பார்த்தான். பதினைந்து கொடிகள். மிச்ச நான்கும் புல்தரையின் நடுவில், ஒரு கட்டில் அளவுக்கு, நான்கு மூலைக்கு நான்காக நின்றன. தடங்கள் அங்கிருந்துதான் தொடங்கின.

"நடுவுல என்னடா? அங்க நான் குழாயே போடலையே."

"அங்கதான் மண்ணு இறுகிக் கிடக்கு. அதுக்குள்ள ரெண்டு தடவை ஓட்டு. நல்லா மூச்சு விடணும்."

"செப்டம்பர்ல செய்யவேண்டிய வேலைடா இது. தரை உறையப்போற நேரத்துல ஓட்டை போட்டா வேருக்கு ஆகாது."

"வேருக்கு இல்ல" என்றான் ஆர்விட். பிறகு, "உன் பணம் தயாரா இருக்கு" என்றான்.

இயந்திரம் இருமி இருமிக் கிளம்பியது. உருளையில் பதித்த வெற்றுக் குழல்கள் தரையில் குத்தி, விரல் நீளத்துக்கு மண் உருண்டைகளைப் பிடுங்கி, வாத்து எச்சம்போல் பின்னால் துப்பிக்கொண்டே வந்தன. பெட்ரோல் வாசனையும் ஈர மண் வாசனையும் கைப்பிடியின் அதிர்வும் அவனுக்குப் பழகியவை. அவற்றுக்குள் ஒடுங்கிக்கொண்டு அந்தத் தடங்களைப் பார்க்காமல் ஓரங்களை முடித்தான். ஆனால் நடுவுக்கு வரும்போது அவற்றைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. கண் தானாகக் கீழே போனது. இடது பாதத்தில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

ரோலி ஒரு ஜனவரியில் ஏரிப் பனிமேல் மீன் பிடிக்கப் போய், இடது காலில் இரண்டு விரல்களைக் குளிருக்குக் கொடுத்தவன்.

கேஸ் வண்டி, என்று டுவேன் நினைத்துக்கொண்டான். மார்லிஸ். கேஸ் வண்டி. நான்கு கொடிகளுக்குள் இயந்திரத்தை ஏற்றினான்.

இங்கே மண் இறுகவேயில்லை. குழல்கள் ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கின. வெளியே விழுந்த உருண்டைகள் மற்றவற்றைப்போல் சில்லிட்டு இல்லை, ஆவி பறந்தது. ஒன்றைக் கையுறையில்லாமல் எடுத்தான். வெதுவெதுப்பு. இரண்டாக உடைத்தான். உள்ளே ஆரஞ்சு நிறக் கம்பளி நூல், பின்னலோடு. மான் வேட்டைக்கென்று மார்லிஸ் தம்பிக்குப் பின்னிய தொப்பி. அதே ஆரஞ்சு, பக்கத்திலேயே ஒரு வரி பழுப்பு. அடுத்த உருண்டையில் நரைத்த முடி.

இயந்திரத்தை நிறுத்தினான்.

அமைதி.

அமைதி இல்லை. காலடியில் நூறு ஓட்டைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வெள்ளை ஆவி எழுந்தது. நின்றது. உள்ளே போனது. மறுபடி எழுந்தது. கூடவே ஒரு சத்தம். இழுப்பு. நடுவில் ஒரு சின்ன விசில். தினமும் ராத்திரி கட்டிலில் தன் பக்கத்தில் அவன் கேட்கும் அதே சத்தம். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நெஞ்சு.

"போன வருஷம் ஓட்டை போடாம விட்டுட்டேன்" என்றான் ஆர்விட். பின்னால்தான் நின்றிருந்தான், எப்போது இறங்கி வந்தான் என்று தெரியவில்லை. "பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து ராத்திரி ராத்திரி எந்திரிச்சு வந்து கதவைத் தட்டறான். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடறான், என் பேரை இல்ல."

"ஆர்விட், நீ என்னடா பண்ணின?"

"இந்தா. முழுசா இருக்கு. எண்ணிக்கோ."

ஐந்தடி தள்ளி நின்று உறையை நீட்டினான். டுவேனுக்கு ஓடத்தான் தோன்றியது. தெரு பக்கத்தில்தான் இருந்தது, வண்டியில் சாவி இருந்தது. ஆனால் அந்த உறைக்குள் கேஸ் வண்டி இருந்தது, மார்லிஸின் மூச்சு இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஷெரீப்பிடம் சொல்லலாம். உறையையே பார்த்துக்கொண்டு நடந்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் தரை மெத்தென்றது.

உறை கைக்கு வந்தது. கனமாக இருந்தது.

அதன் மேல் அவன் பெயர் இல்லை. பச்சை மையில் மார்லிஸ் என்று எழுதியிருந்தது.

போன வருஷத்து அறுநூற்று இருபது. அது அரிசோனாவுக்குப் போகிறவன் அக்காவுக்குப் போட்ட பணம் இல்லை. ரோலியின் கூலி. ஒரு டாலர் குறையாமல்.

"தபால் பெட்டியில நானே போட்டுடறேன், குடு" என்றான் ஆர்விட், உறையை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டே. குரல் அன்பாக இருந்தது. "யாருக்கும் நான் பாக்கி வெக்கறதில்ல, உனக்குத் தெரியுமே. அவன் தனியா இருக்கமாட்டேங்கறான்டா. நீ அவனுக்கு மச்சான்."

டுவேன் கீழே பார்த்தான். புல் கம்பளம்போல் அளவாக வெட்டப்பட்டு, எடுத்து, திரும்ப மேலே பரப்பி வைக்கப்பட்டிருந்தது. மூலைக்கு ஒன்றாகப் புதிதாக நான்கு கொடிகள். இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது நட்டவை. பதினைந்தும் நான்கும் பத்தொன்பது. நீளம் சரியாக அவன் உயரம்.

பூட்ஸைத் தூக்கிப் பார்த்தான். வரவில்லை. புல்லுக்கு அடியிலிருந்து, பக்கத்துக் குழியின் பக்கமாக, வெதுவெதுப்பான ஏதோ ஒன்று கணுக்காலைச் சுற்றி வளைத்திருந்தது. இறுக்கவில்லை. தூக்கத்தில் பிடித்துக்கொள்வதுபோல்.

ஆர்விட் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, தடங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து. தீர்ந்தது.

தரை மூச்சை உள்ளே இழுத்தது.

விடவில்லை.