ஏழாம் வரிசை, இருபத்து மூன்றாம் ஓடு

பதினோரு மாதங்களுக்குப் பிறகு அவள் விண்கலப் படங்களைச் சரிபார்க்கும் அந்த அறைக்குள் நுழைந்தபோது காலை மணி பத்து இருபது. ஜன்னல் இல்லாத அதே நான்கு சுவர்கள். சாய்ந்தால் கிறீச்சிடும் அதே இரண்டு நாற்காலிகள். ஏசியின் ஓயாத இரைச்சல்.

வாடை மட்டும் புதிது.

ஓடு ஒட்டும் பசை காய்வதற்குமுன் வினிகர் போலப் புளித்து மூக்கைக் குத்தும். ஆனால் அந்தப் பசை இருப்பது பட்டறையில், நான்கு கட்டடங்கள் தள்ளி. இந்த அறைக்குள் அது வர வழியே இல்லை. ஏசியைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

பட்டறையில் எல்லோரும் அவளைச் சின்னது என்பார்கள். அவள் அக்கா பெரிசு. விண்கலத்தின் வயிற்றில் வெப்பம் தாங்கும் ஓடுகளை ஒட்டுவது இருவருக்கும் வேலை. ஒன்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒட்டினார்கள். ஒட்டிய மறுநாள் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் ‘தொம்’ என்று அடங்கிய சத்தம் வரும். உள்ளே பசை பிடிப்பு விட்டிருந்தால் ‘டொக்’ என்று வெற்றுப் பானை போலக் கேட்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிசு தட்டுவதே தனி: இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, இன்னொரு தட்டு.

பெரிசைக் கலத்தில் போகத் தேர்ந்தெடுத்தபோது பட்டறையே சிரித்தது. “ஒட்டினவளே ஏறிப் போறா, இதைவிட என்ன கேரண்டி வேணும்?”

கிளம்புவதற்கு முன் ஏழாம் வரிசையில் ஒரு ஓடு டொக் என்றது. பெரிசு சீட்டு எழுதிக் கொடுத்தாள். துறைத் தலைவர் அதன் கீழே, ‘மறுபடி ஒட்டப்பட்டது’ என்று எழுதினார். இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது விதி. “ஒட்டியாச்சும்மா, நானே நின்னு பார்த்தேன்” என்று அவர் நீட்டிய தாளில், போய்ப் பார்க்காமலே இரண்டாவது கையெழுத்தைப் போட்டவள் சின்னது.

யாரும் ஒட்டவில்லை. திரும்பி வருகையில் கடைசி ஒன்பது நிமிடத்தில் கலம் வானத்தில் ஒரு தீக்கோடாகப் போயிற்று. அடக்கம் செய்யப் பெரிசின் விரல் நகம்கூடக் கிடைக்கவில்லை. எதிர்பாராத விபத்து என்று விசாரணை முடிந்தது. துறைத் தலைவர் அதே நாற்காலியில் இருந்தார். எதைக் காட்டினாலும் ஓகே போடுவதால் பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ஓகே சார்.

இன்று அவர் உள்ளே வந்தார். “வாம்மா சின்னது. நல்லா இருக்கியா?”

“இருக்கேன் சார். பதினோரு மாசத்துல நீங்க கொஞ்சங்கூட இளைக்கல.”

அவர் காதில் விழாத மாதிரி திரையைப் போட்டார்.

மேலே, புதுக் கலம் நிலையத்தோடு இணையுமுன் இருநூறு மீட்டர் தள்ளி நின்று, மெல்லக் குட்டிக்கரணம் போட்டது. நிலையத்தில் இருப்பவர்கள் அதன் வயிற்றைப் படம் எடுத்து அனுப்பினார்கள். நாற்பது நிமிடத்துக்குள் கீழிருந்து சொல்ல வேண்டும்: இந்தக் கலத்தில் மனிதர் திரும்பி வரலாமா, கூடாதா. உள்ளே இரண்டு பேர், பைலட்டும் ஒரு மருத்துவரும்.

மூவாயிரம் ஓடுகளில் கீறல்கூட இல்லை.

“கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு. போடு ரெண்டாவது கையெழுத்தை. பத்து நாள்ல இறக்கிடுவோம்னு மேலிடத்துல சொல்லியாச்சு.”

“பொறுங்க. நான் பார்க்கணும்.”

ஒலிபெருக்கியில் பைலட்டின் குரல் வந்தது. “சார், ஒரு சின்ன விஷயம். அடியில யாரோ தட்டுறாங்க.”

ஓகே சார் சிரித்தார். “வெயில் படுதில்லப்பா. உலோகம் சூடேறினா பழைய கதவு மாதிரி முனகும்.”

“முனகல் இல்ல சார். தட்டல். வால் பக்கத்துல ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வரிசையா முன்னாடி வருது.”

சின்னது மைக்கை இழுத்தாள். “உங்க மைக்கைத் தரையில அழுத்திப் பிடிங்க தம்பி.”

சற்று நேரம் வெறும் இரைச்சல்.

தொம், தொம்.

இடைவெளி.

தொம்.

ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று கேட்ட தட்டல். பசை வாடை கண்ணில் நீர் வரும்படி ஏறியது. ஓகே சாரின் கை சத்தத்தைக் குறைக்கும் பொத்தானுக்குப் போயிற்று.

“அணைச்சீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்” என்றாள்.

பைலட் எண்ணிச் சொன்னான்: வாலிலிருந்து நான்காம் வரிசை. ஐந்து. நிதானமாக, ஒன்றையும் விடாமல், மாசக் கணக்கில் நேரம் இருப்பதுபோல். ஆறு.

ஏழில் பாதி வழியில் நின்றது.

டொக்.

மறுபடி, இன்னும் பலமாக.

டொக். டொக். டொக்.

இது ஓட்டைத் தட்டிப் பார்ப்பவர் தட்டல் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் திறக்காத கதவை இடிப்பவர் தட்டல். மைக் கை நழுவிச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

“அக்கா...” பைலட் கிசுகிசுத்தான். “தரை அதிருது. டாக்டரம்மா அழறாங்க. நிறுத்தச் சொல்லுங்கக்கா.”

சின்னது எழுந்தாள். “ஏழாம் வரிசைச் சீட்டை எடுங்க.”

“போட்டோல சரியாத்தானே இருக்கு...”

“போட்டோல அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. எடுய்யா!”

அவர் கக்கத்தில் இருந்த கோப்பை அவளே பிடுங்கினாள். ஏழாம் வரிசை, இருபத்து மூன்றாம் ஓடு. பட்டறைப் பெண் ஒருத்தியின் கிறுக்கல்: ‘டொக்.’ அதன் கீழே அவளுக்கு மனப்பாடமான கையெழுத்தில், மையின் நிறம்கூட மாறாமல்: ‘மறுபடி ஒட்டப்பட்டது.’

அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஒரு உயிரு போதலையா உமக்கு?”

“கத்தாதே. திருப்பி ஒட்டணும்னா மூணு மாசம் தள்ளும். மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவளுக்குச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. இந்தாங்க மைக்.”

அவர் மைக்கைத் தொடாமல் பின்னால் நகர்ந்தார்.

அவள் மைக்கை வாய்க்கு அருகில் வைத்தாள். “தம்பி, நிலையத்தோட இணைஞ்சுடுங்க. ஆனா இந்தக் கலத்துல மனுஷங்க யாரும் திரும்ப வரக் கூடாது. ஏழாம் வரிசையில ஒரு டைல் பிடிப்பு விட்டுப்போச்சு. நான் எழுதித் தரேன். யார் வந்து ஓகேன்னாலும் ஏறாதீங்க.”

இடி நின்றது.

பைலட் மூச்சு விடுவது கேட்டது. “ஏற மாட்டோம்கா.”

ஓகே சார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். வேறு ஆளைப் பிடித்துக் கையெழுத்து வாங்க நாலு நாள் அலைந்தார். பைலட்டின் ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு பேனாவைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. ஒன்பதாம் நாள், இருவரும் வேறு கலத்துக்காக நிலையத்திலேயே காத்திருக்க, இந்தக் கலத்தை ஆளில்லாமல் கழற்றி இறக்கினார்கள்.

சின்னது அதே அறையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் சூட்டை அளக்கும் மெல்லிய கம்பி உண்டு. அதன் எண்கள் திரையில் வரிசை வரிசையாக ஏறின. ஏழாம் வரிசையில்தான் முதலில் தீ புகுந்தது. பிறகு ஆறு, எட்டு. இரண்டு நிமிடத்தில் கலமே இல்லை. கடலில் விழக்கூட எதுவும் மிஞ்சவில்லை. எண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒன்று அணையவில்லை.

ஏழாம் வரிசை, இருபத்து மூன்று: முப்பத்தேழு பாகை. ஓடும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் எண் இருந்தது. உயிரோடு இருக்கிற ஓர் ஆளின் உடம்புச் சூடு.

அவள் திரையில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் பின்னால் கதவு திறந்தது. ஓகே சார் வாசலிலேயே நின்று மெல்லக் கேட்டார்: “முடிஞ்சுதா?”

முப்பத்தெட்டு.

அவர் ஓர் அடி உள்ளே வைத்தார்.

நாற்பத்தைந்து.