தழும்பில்லாத நெஞ்சு

தனபாலின் இருமல் ஒரேயடியாக நின்றதுதான் பூங்குழலிக்கு முதலில் பிடிக்காமல் போனது.

ஐப்பசி மழையில் மலைமேல் எடப்புளி நாட்டு ஊர்களில் ஃப்ளூ காய்ச்சல் வீடு தவறாமல் புகுந்தது. மற்றவர்கள் மிளகுக் கசாயம் குடித்து எழுந்துவிட்டார்கள். அவள் புருஷனுக்கு மட்டும் அது நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகிவிட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்த முதல் ஸ்கேனில், மழைக்காலத்து மலைச்சரிவில் மேகம் படிந்த மாதிரி, இரண்டு நுரையீரலின் அடியிலும் வெள்ளை. டாக்டர் அருள்மொழி வலப்பக்க உச்சியில் ஒரு சின்னக் கோட்டையும் காட்டினார். சிறுவயதில் வந்த காசநோய் விட்டுப்போன தழும்பாம். அதனால் கெடுதல் இல்லை, சாகும்வரை அங்கேயே இருக்கும் என்றார். காய்ச்சல் விட்டாலும் நெஞ்சு தெளிய வாரக்கணக்கில் ஆகும், இடைவெளி விட்டுப் படமெடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

இரண்டாவது படத்தில் வெள்ளை பாதியாகியிருந்தது. அந்த வாரம்தான் இருமல் நின்றது. பக்கத்தில் படுத்திருப்பவனிடமிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பூங்குழலிக்குப் படுக்கை கொள்ளவில்லை. எழுந்து நடந்தாள், அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

இன்று மூன்றாவது படம். டாக்டர் மூன்றையும் விளக்குப் பலகையில் வரிசையாகச் செருகினார். கடைசிப் படத்தில் வெள்ளை துளியும் இல்லை. பூங்குழலிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. உறையின் மேலிருந்த பேரைப் பார்த்தார், படத்தின் ஓரத்தைப் பார்த்தார், பிறகு தனபாலையே பார்த்தார்.

"அந்தத் தழும்பக் காணோமே. அது மறையற சமாச்சாரம் இல்லம்மா."

நாளைக்கு மறுபடி எடுத்துப் பார்க்கலாம், தங்குங்கள் என்றார். தனபால் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்திருந்தான்.

சேந்தமங்கலம் தாண்டி பஸ் மலையேறியது. டீசல் வாடை, நனைந்த சாக்கு வாடை, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு யாரோ ஜன்னலில் தலைநீட்டி ஓங்கரிக்கும் சத்தம். வழக்கமாக முதலில் வாந்தியெடுப்பவன் அவன்தான். இன்று நிமிர்ந்து உட்கார்ந்து, இமைக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தான். தோளோடு தோள் இடித்தபோது அந்தச் சட்டைக்குள் சூடே இல்லை. அவள் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

வீடு சேர்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை. சிம்னி விளக்கை ஏற்றி, அவித்த குச்சிக்கிழங்கைத் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிடத் தொடங்கினான்.

அப்போதுதான் இருமல் கேட்டது.

மிளகு மூட்டை போடும் அறையிலிருந்து. அறுவடைக்குப் பிறகு யாரும் திறக்காத அறை. ஈரமான, அடிநெஞ்சைக் கிழிக்கிற இருமல். முடிவில் ஒரு சின்ன விசில். அவளுக்கு மனப்பாடமான இருமல்.

"ஏனுங்க... கேட்டுதுங்களா?"

"காத்து." அவன் தலைநிமிரவில்லை. "உக்காரு புள்ள. நீயும் சாப்புடு."

மறுபடி இருமல். இந்த முறை நீளமாக. அவள் உட்காரவில்லை. விளக்கை எடுத்தாள்.

"அந்தக் கதவத் தொறக்காத."

கோபமில்லாத குரல். ஆனால் உள்ளே இருமுவது யாரென்று அவளுக்குத் தெரியும். போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

மூட்டைகளுக்கு நடுவே தனபால் கிடந்தான்.

இரண்டாவது படம் எடுக்கையில் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சை அங்கி. உதடு நீலம். எலும்பும் தோலும். கண்கள் அவளைக் கண்டுகொண்டன.

"பூவு... மூச்சு பத்தல புள்ள."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தட்டுக்கு முன்னால் இருந்தவன் மூச்சை இழுத்தான். நிதானமாக. ஆழமாக. கிடந்தவனின் நெஞ்சு அதே நிதானத்தில் உள்ளே அமுங்கியது. அவள் ஓடிப்போய் அதன்மேல் கைவைத்தாள். கைக்குக் கீழே விலாவெலும்புகள் ஒவ்வொன்றாக முதுகை நோக்கி இறங்கின.

தட்டுக்கு முன்னால் அந்த மூச்சிழுப்பு நிற்கவில்லை.