நீர் வரும் திசை

அலமாரியில் இருந்த பதினொரு கண்ணாடிப் புட்டிகளிலும் மீன்கள் திரும்பியிருந்தன. காலையில் தேவதாஸ் அடுக்கியபோது அவற்றின் தலைகள் சன்னல் பக்கம் இருந்தன. இப்போது எல்லாம் சமையலறையைப் பார்த்தன. ஃபார்மலினில் ஊறி ஒரு வருடத்துக்கு மேலான செத்த மீன்கள்.

மனைவி கமலவேணி துடைக்கும்போது நகர்த்தியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து மூன்று மாதம். காஜா பேராங்கில் இருந்த அவர்கள் வீட்டுத் தகரக் கூரையில் சாயங்கால மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் மழைக்கு அடியில் இன்னொரு சத்தம், காட்டாறே இல்லாத அந்த ஊரில் பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடும் சத்தம். அது அவனுக்கு அத்துப்படி. இரண்டு வருடம் தொலைவில் ஒரு காட்டாற்றங்கரையில் கிடந்து, நீர்மட்டம் அளந்து, மீன்களை எண்ணி எழுதியவன். அந்தக் குறிப்பேடுகளை நாளைக்குக் கோலாலம்பூரில் அதிகாரிகளிடம் காட்டினால் அந்த ஆற்றில் கட்டவிருக்கும் அணை வராது. காட்டாவிட்டால் ஆறு போய்விடும்.

பாசி வாடை அடித்தது. திரும்பினான். மீன்கள் மறுபடியும் சமையலறையைப் பார்த்தன. ஓடும் தண்ணீரில் மீன் நீர் வரும் திசைக்குத்தான் தலை வைக்கும்.

குறிப்பேடுகள் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தான். காலி.

"கமலா, என் குறிப்பேடெல்லாம் எங்க?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அணை கட்டுற இன்ஜினியர் வந்தாருங்க. எரிச்சிடச் சொன்னாரு. அடுப்புல போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு டவுன் ஆபீஸ்ல வேலை போட்டுத் தர்றாராம். மாசத்துல இருபது நாள் நீங்க காட்டுல கெடந்தா, நான் யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பான். காய்ச்சலோடு அவன் வீடு திரும்பிய நாட்களில், சொல்லச் சொல்ல அந்தக் கணக்குகளை எழுதியவளே அவள்தான்.

"கூடவே இருந்து கழுத்தறுத்திட்டியே."

"ஆமாங்க. எனக்கு மூச்சு முட்டுது. இங்க வாங்களேன்."

ஆற்றுச் சத்தம் பெருத்தது. தரை காய்ந்திருந்தது. சன்னல் சாத்தியிருந்தது. காற்றில்லை. இரண்டடி வைத்துச் சமையலறைக் கதவைத் தள்ளினான்.

கமலவேணி குறிப்பேடுகள் எரிந்த அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். நிற்கவில்லை. பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே. அவிழ்ந்த கூந்தலும் சேலைத் தலைப்பும் பின்னால் நீண்டு, கதவுவரை வந்து, கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்தில் மெல்ல அலைந்துகொண்டிருந்தன. அவள் தலைக்கு மேல் மூச்சுக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கூரைக்கு ஏறின.

கடைசிக் குமிழி போய் வெகுநேரமாகியும் கூந்தல் அலைந்துகொண்டே இருந்தது.