வெறும் சாலையின் பாரம்

திரையின் மேல்மூலையில் அறுபது என்று நின்றிருந்த எண், ஒன்றுமே இல்லாத நேர்ச்சாலையில் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. காட்சி மாறியதும் மறுபடி அறுபதுக்கு ஏறி, திருடிவிட்டு வந்து வரிசையில் நிற்பவனைப் போலச் சாதுவாக நின்றுகொண்டது.

அவனை அலுவலகத்தில் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார்ப் பந்தய விளையாட்டுகளைக் கடைக்கு அனுப்புமுன் ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவன் வேலை. எல்லோரும் பறக்கிற இடத்தில் நின்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் வந்த பெயர் அது. வீட்டின் பின்னறைதான் அவனுடைய பட்டறை: மேசையில் ஒரு ஸ்டீயரிங், தரையில் பெடல்கள், பக்கத்தில் முனகிக்கொண்டே இருக்கும் கணினிப் பெட்டி. மழை விடாத சாயங்காலம். மனைவி நர்ஸ், இரவு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கூடத்தில் மகள் வண்ணப் பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்த சத்தம், சுண்டெலி கொறிப்பதுபோல் விட்டுவிட்டு வந்தது.

கணினி நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வரைந்து காட்டுகிறது என்பதுதான் அந்த எண். அறுபது இருந்தால் கார் வெண்ணெயில் கத்தி போல வழுக்கும். முப்பதுக்குக் கீழே போனால் நொண்டும். வரைய வேண்டியது கூடக்கூட எண் இறங்கும். சுமை தூக்குகிறவன் கணக்குதான் இது. நடை தளர்ந்தால் மூட்டை கனக்கிறது என்று பொருள். மூட்டையே இல்லை என்று சத்தியம் செய்தாலும் முட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

திரையில் ஓடிய அந்தச் சுற்றை மதியம் மகள்தான் ஓட்டினாள். பழகாத கை ஓட்டினால்தான் கார் கண்ட இடத்தில் மோதும், மோதினால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் பிழை வெளியே வரும் என்று அவளை அவ்வப்போது உட்காரவைப்பான். அவள் ஓட்டி முடிக்கும்வரை எண் அறுபதைவிட்டு அசையவில்லை. பதிவைத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிற ரீப்ளேயில்தான் இந்தத் தள்ளாட்டம்.

விளையாட்டுக்குச் சாலைகளை வரைகிற அலுவலகப் பெண்ணுக்குப் போன் போட்டான்.

“தங்கச்சி, பாலம் தாண்டின நேர்ச்சாலைல என்னத்த ஒளிச்சு வச்சிருக்கே?”

“ஒளிச்சு வைக்க என்கிட்ட என்னண்ணா இருக்கு? ரெண்டு பக்கமும் புல்லு, நடுவுல தார். வரையும்போதே தூக்கம் வந்திடுச்சு.”

“இருபத்திரண்டு ஃப்ரேம் காணாமப் போகுதும்மா.”

“அப்ப ரீப்ளேயை முப்பதுக்கு மேல ஏறாமப் பூட்டிட்டுப் போய்ப் படுங்க. முதலாளி என்ன சொல்வாரு? ஓட்டும்போது சரக்கு நல்லா இருந்தாப் போதும், திரும்பிப் பார்த்து அழுவுறவன் எவன்யான்னு கேப்பாரு.”

முதலாளியின் குரலிலேயே அவள் சொன்னதில் இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே பதிவை இன்னொரு முறை ஓடவிட்டான்.

முப்பத்தொன்று.

அதே பதிவு, அதே சாலை. எண் மட்டும் வேறு. “அப்புறம் பேசறேன்” என்று போனை வைத்தான்.

குறை எங்கே என்று தெரியாதபோது ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது அவன் தொழில் முறை. மரங்களை எடுத்தான். பார்வையாளர் கூட்டத்தை எடுத்தான். மேகங்களை, நிழல்களை, புல்லின் ஒவ்வொரு இதழையும் எடுத்தான். இவ்வளவு சுமையை இறக்கினால் எந்தக் கிழட்டுக் கணினியும் குதிரைபோல் பாயும். எண் இருபத்தாறுக்கு இறங்கியது. பெட்டிக்குள் விசிறியின் முனகல் ஓலமாக ஏறியது. சூடேறிய தூசியின் நெடியும், அதற்கடியில், காயாத துணியை நாள்கணக்கில் மூடிவைத்த புழுங்கல் நெடியும் அறையில் பரவின. அவன் எழுந்து ஜன்னலைத் திறந்தான். நெடி போகவில்லை.

குற்றம் சாலையுடையது அல்ல என்பது அப்போதுதான் பிடிபட்டது. தூரத்துக் கேமரா காரைப் பக்கவாட்டில் காட்டும்வரை அறுபதுதான். நேர்ச்சாலை வந்ததும், காருக்கு முன்னால் நின்று ஓட்டுபவரின் முகத்தைப் பார்க்கிற கேமராவுக்குக் காட்சி மாறும். அங்கேதான் விழுகிறது. ஓட்டும்போது யாருக்கும் தன் முதுகு தெரியாது; கண்ணுக்கு முன்னால் சாலை மட்டும்தான். ரீப்ளேதான் எதிரே வந்து நின்று, ஓட்டுபவரையும் அவருக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கிறது.

தான் காலையில் ஓட்டிய சுற்றைப் போட்டான். அதே கார், அதே கேமரா. அறுபது. நேற்று ஓட்டியது. அறுபது. மகளின் சுற்று.

பத்தொன்பது.

காரைத் திரையிலிருந்து நீக்கினான். ஹெல்மெட் போட்ட பொம்மை ஓட்டுநர் மட்டும் அந்தரத்தில் உட்கார்ந்தபடி மிதந்து வந்தது. அதையும் எடுத்தான். தாரை எடுத்தான். திரையில் வெறும் சாம்பல் நிறம். பார்க்க ஒரு புள்ளிகூட இல்லை.

ஒன்பது.

கணினி கதறியது. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எதையோ வரைந்துகொண்டிருந்தது. முடி முடியாக. நகம் நகமாக. அவனுக்குக் காட்டாமல்.

ஏழு.

பயந்தவன் செய்ய வேண்டியது பிளக்கைப் பிடுங்குவது. ஆனால் அவன் தொழிலில் ஒரு விதி உண்டு: மறுபடி நடத்திக் காட்ட முடியாத பிழை, பிழையே அல்ல. மகள் இன்னொரு சுற்று ஓட்டட்டும். அதன் ரீப்ளேயில் அறுபது வந்துவிட்டால் போதும். பழைய பதிவு கெட்டுப்போனது என்று எழுதி அனுப்பிவிட்டு, குழந்தையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடலாம். அறுபது வர வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

“குட்டி! இங்க வாயேன். ஒரு சுத்து ஓட்டணும்.”

பென்சில் சீவும் சத்தம் நின்றது. “என்ன தருவீங்க?”

“ஐஸ்கிரீம். அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

“அப்ப ரெண்டு. ஒண்ணு ஓட்டறதுக்கு, ஒண்ணு சொல்லாம இருக்கறதுக்கு.”

“சரி, ரெண்டு. வா.”

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே நீளமான நடைவழி. விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தக் கோடியில் மகள் தோன்றினாள்; அவனைப் பார்த்துச் சிரித்தபடி ஓடிவந்தாள். வெற்றுக்கால் தரையில் தப்தப்பென்று விழுந்தது.

பிறகு அவள் ஓடிவரவில்லை.

குளிர்சாதனப் பெட்டிக்கு அருகில் இருந்தாள். அடுத்து, செருப்பு அலமாரிக்கு அருகில் இருந்தாள். நடுவில் ஒன்றும் இல்லை. காலடிச் சத்தமும் துண்டு துண்டாக வந்தது. அவன் கண் சிமிட்டவில்லை. அவளைச் சுற்றிச் சுவர் வெள்ளையாக இருந்தது, தரை துடைத்துவைத்ததுபோல் இருந்தது, அவளுக்குப் பின்னால் நடைவழி காலியாக இருந்தது. ஆனால் அவன் கண்கள் வலித்தன. தூக்க முடியாததைத் தூக்குகிற தோளைப் போல வலித்தன.

எதிரே நின்று அவள் முகத்தைப் பார்க்கிறவன் இப்போது அவன்.

“குட்டி, வராதே! அங்கேயே நில்லு!”

“ஏன்...” அலமாரிக்கு அருகில்.

“...ப்பா?” பின்னறை வாசற்படியில்.

புழுங்கல் நெடி முகத்தில் அடித்தது. பாய்ந்தான். பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொள்ளக் கை நீட்டினான். இன்னும் ஒரு சாண்.

கை நின்றது.

விசிறியின் ஓலம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை நின்றது, பெய்து ஓய்ந்ததுபோல் அல்ல. துளி துளியாக, விழாமல். மகளின் ஒரு கால் தரையைத் தொடாமல் நின்றது. முன்பல் விழுந்த வாய் பாதிச் சிரிப்பில் திறந்தபடி நின்றது. அவனால் கண்ணை மூடவும் முடியவில்லை, அலறவும் முடியவில்லை. உலகத்தில் எதுவுமே அசையவில்லை.

அவள் நெற்றியில் விழுந்திருந்த ஒரு கற்றை முடி மட்டும், அவசரமே இல்லாமல், பிரியமாக, மெல்ல மேலே தூக்கப்பட்டு, அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடப்பட்டது.