உடனே எரிந்த பச்சை வட்டம்

கதவைத் திறந்தவர் அவசரம். திறப்பதற்கு முன்பே, என்ன பிரச்சினை என்று தெரியாமலேயே, யார் குற்றவாளி என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். அவர் மனைவி நிதானம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். அந்தத் தம்பதிக்குத் தெருவே வைத்த பெயர்கள் அவை.

வாசலில் எம்பிராய்டரிக் கடைக்காரி மூச்சிரைக்க நின்றாள்.

"அக்கா, நாளையிலேருந்து என் நாத்தனாரை வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லப் போறேன். அவ கடை திறக்கிற அன்னிக்கெல்லாம் மிஷின் ஒரு தையல் போடாது. நான் போய் எல்லாத்தையும் அணைச்சுப் போட்டா ஜம்முனு ஓடுது. அவ கைராசி அப்படி! வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. கம்ப்யூட்டர்ல இருக்கிற அந்த டிரைவர் உங்களோடதுதானே, ஒருதடவை வந்து பாருங்க."

கணினியில் வரையும் பூவை மிஷினுக்குச் சொல்லும் நிரல்தான் அந்த டிரைவர். நிதானம் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார். அவசரமும் அதில் பத்து வரி எழுதியிருந்தார். திரையில் 'தயார்' என்று எரியும் பச்சை வட்டம் தன் கைவண்ணம் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

கடையில் நாத்தனார் அழுத கண்ணோடு நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தினமும் செய்யற மாதிரியே ரெண்டு பேரும் ஒருதடவை செஞ்சு காட்டுங்க" என்றார் நிதானம்.

கடைக்காரி மிஷினைப் போட்டாள், அது உறுமியது. பிறகு டிரைவரைத் தொடங்கினாள். அவசரம் ஆறுவரை எண்ணிய பிறகு பச்சை எரிந்தது. பூ அழகாக விழுந்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாத்தனார் தொடங்கினாள். முதலில் டிரைவர். அடுத்த நொடி பச்சை. பூவைத் தேர்ந்தெடுத்து, நூலைச் சரிபார்த்து, கடைசியாக மிஷினைப் போட்டாள். ஊசி அசையவில்லை.

"பார்த்தியா!" என்று துள்ளினார் அவசரம். "பச்சை பட்டுனு வருது. டிரைவர் மேல குத்தமே இல்ல. இது எலி வேலை, வயரைக் கடிச்சிருக்கும்!"

"பட்டுனு வந்ததுதாங்க எனக்கு உறுத்துது. மிஷினே தூங்குது, யாரைக் கேட்டுத் தயார்னு சொல்லுச்சு?" நிதானம் நாத்தனார் பக்கம் திரும்பினார். "ஏம்மா மிஷினைக் கடைசியில போடறே?"

"சும்மா ஓடி கரண்ட் வீணாகக் கூடாதுன்னு அண்ணிதான் சொன்னாங்க."

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. நிதானம் மடிக்கணினியைத் திறந்து டிரைவரின் நிரல் வரிகளைப் படித்தார்.

"மிஷினைத் தேட, வேற யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் நிரல் ஒண்ணை, லைப்ரரிம்பாங்க, டிரைவர் கூப்பிடுது. மிஷின் ஓடிட்டிருந்தா அதோட பேசி முடிக்க லைப்ரரிக்கு ஆறுவரை எண்ணற நேரம் ஆகும். அணைஞ்சிருந்தா, 'இல்லை'ன்னு உடனே ஒரு பிழை எண்ணைத் தரும். டிரைவர் அந்தப் பதிலைக் காதுலயே வாங்கலை. கூப்பிட்டதோட சரி, பச்சையைப் போட்டுடுது. அப்புறம் நீ மிஷினைப் போட்டாலும், மறுபடி தேட ஆள் இல்ல."

"எந்த மடையன் அப்படி எழுதினான்?" என்று கொதித்தார் அவசரம்.

"ஒவ்வொரு வரிக்கும் எழுதினவர் பேர் பதிவாயிருக்கும்" என்று நிதானம் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

அவர் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் அவரே எழுதிய குறிப்பு: 'சீக்கிரமே முடித்தாயிற்று.' அவசரத்துக்குக் காது சுட்டது.

"படிச்சுப் பார்க்காம சேர்த்துக்கிட்டது நான். பாதி என் தப்பு" என்றார் நிதானம்.

"உன் பிழைப்புக்கே உலை வெச்சுட்டேன், மன்னிச்சுடும்மா" என்று நாத்தனாரிடம் கைகூப்பினார் அவசரம். கடைக்காரியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கைராசின்னு வாய் கூசாம சொல்லிட்டேனே! நாளைக்கும் நீதான் திறக்கணும்" என்றாள்.

அவசரம் அங்கேயே உட்கார்ந்து புது வரிகளை எழுதினார். சேர்ப்பதற்கு முன் மனைவியிடம் மூன்று தடவை காட்டினார்.

மறுநாள் நாத்தனார் கடையைத் திறந்து, வேண்டுமென்றே டிரைவரை முதலில் தொடங்கினாள். சிவப்பு வட்டம் எரிந்தது. கீழே எழுத்துகள் வந்தன: 'மிஷின் அணைந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். தவறு உங்களுடையது அல்ல.'

கடைசி வரியை மட்டும் அண்ணிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, அவள் மிஷினைப் போட்டாள்.